கடைசி ஆளாய் நின்றவர்

எங்கள் வியாசர்பாடி மைதானத்துப் பையன்களிடம் மால்தினி என்றால் அது பாவ்லோதான். மிலானுக்கு 902 ஆட்டம் ஆடி, இடது பக்கத்தைத் தன் பெயரிலேயே எழுதிக்கொண்ட பாவ்லோ மால்தினி. அவருடைய தந்தை செசாரேயைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவரும் ஆடினாராமே சார்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். ஸ்டாப்பர் பேக்காக ஆடி, இப்போது பின்வரிசைப் பையன்களைப் பழக்கும் எனக்கு இது மனசுக்கு ஆகவில்லை. இத்தாலிக்காரன் என்றால் டிஃபென்ஸ் என்று உலகமே சொல்கிறது. அந்த வித்தை ஒரு தலைமுறையின் கையிலிருந்து அடுத்த தலைமுறையின் கைக்கு எப்படி வந்தது என்று பார்த்துக்கொண்டே போனால், நடுவில் நிற்பவர் செசாரே மால்தினி. அவர் கதை தெரியாமல் கனவாரோவையும் நெஸ்தாவையும் பாதிதான் புரிந்துகொள்ள முடியும்.

செசாரே 1932 பிப்ரவரி 5ஆம் தேதி த்ரியெஸ்தேவில் பிறந்தார். இத்தாலியின் வடகிழக்கு மூலையில், அட்ரியாட்டிக் கடலின் தலைமாட்டில் இருக்கும் துறைமுக ஊர். முதல் உலகப்போர் முடியும்வரை அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் துறைமுகம். பிறகு இத்தாலியின் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் யூகோஸ்லாவியாவுக்கா இத்தாலிக்கா என்று இழுபறியாகி, 1954 அக்டோபர் வரை பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தது. அந்தக் குழப்பத்தின் நடுவில்தான் ஊரின் கிளப்பான த்ரியெஸ்தினா இத்தாலிய லீகில் ஆடியது. 1946-47 பருவத்தில் சொந்த ஊரில் ஆட முடியாமல் பக்கத்திலிருந்த ஊதினேவில் ஆடி, புள்ளிப் பட்டியலின் கடைசியில் முடித்தது. இத்தாலியோடு அந்த ஊருக்கிருந்த பிணைப்பு அறுந்துவிடக் கூடாது என்று கிளப்பைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்காமல் விட்டார்கள். அடுத்த வருஷம் அதே த்ரியெஸ்தினா இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது!

கடைசியிலிருந்து இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தவர் நெரேயோ ரோக்கோ. அதே ஊர்க்காரர், 1912இல் பிறந்தவர். அவர் செய்ததைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து ஆட்டம் தெரிய வேண்டும். மூன்று பேக்குகள் நிற்பார்கள். எதிரணியின் மூன்று ஃபார்வர்டுகளை ஆளுக்கு ஒருவராகப் பிடிப்பார்கள். ஒரு பேக்கை ஏமாற்றித் தாண்டிவிட்டால் பின்னால் கோலி மட்டும்தான். ஆளுக்கு ஆள் சமமான பெரிய கிளப்புகளுக்கு அது சரிப்பட்டது. அந்த 1947-48 பருவத்தில் பட்டம் வென்ற தொரினோ போட்ட கோல்கள் மட்டும் 125. அப்படிப்பட்ட அணியை எதிர்த்து, காசில்லாத ஒரு எல்லை ஊர்க் கிளப் நேருக்கு நேர் நின்று என்ன செய்யும்?

ரோக்கோவின் விடை, யாரையும் பிடிக்காத ஓர் ஆளைப் பின்வரிசைக்கும் பின்னால் நிறுத்துவது. முன்னால் இருப்பவர்கள் ஆளைப் பிடிப்பார்கள். அவர்களைத் தாண்டி வருவது எதுவானாலும் இவர் பொறுப்பு. இந்த யோசனை ரோக்கோவுக்கு மட்டும் வந்ததல்ல. ஸ்விட்சர்லாந்தில் கார்ல் ராப்பான் என்ற ஆஸ்திரியப் பயிற்சியாளர் 1930களிலேயே இந்த வகையில் ஆடவைத்து, 1938 உலகக்கோப்பையில் ஜெர்மனியை வெளியேற்றினார். இத்தாலியின் தெற்கே சலெர்னோவில் ஜிப்போ வியானி இதே வழியில் 1947இல் தன் சிறிய கிளப்பை முதல் பிரிவுக்கு ஏற்றினார். மூவருமே பலம் குறைந்த அணியை வைத்துக்கொண்டு பலசாலிகளைச் சமாளிக்க வேண்டியவர்கள். பின்னாளில் காதெனாச்சியோ என்று பெயர் பெற்று, கோழைகளின் ஆட்டம் என்று திட்டு வாங்கிய முறையின் பிறப்பு இதுதான். இல்லாதவனின் புத்தி என்றுதான் நான் அதைச் சொல்வேன்.

இந்த ஊரில், இந்தக் காற்றில் செசாரே ஆட்டம் கற்றார். 1952இல் த்ரியெஸ்தினா அணிக்குள் வந்தார். 1954இல் மிலான் அவரை வாங்கியது. அதே வருஷம் அக்டோபரில் த்ரியெஸ்தே இத்தாலியோடு இணைந்தது. ஊரும் பிள்ளையும் ஒரே வருஷத்தில் இடம் மாறினார்கள்.

அன்றைய மிலானில் குன்னார் நோர்தால், நில்ஸ் லீட்ஹோல்ம் என்ற ஸ்வீடன்காரர்கள், 1950இல் பிரேசிலை மரக்கானாவில் வீழ்த்திய உருகுவே அணியின் ஷியாஃபீனோ என்று ஜாம்பவான்கள் இருந்தார்கள். 22 வயதில் அவர்களுக்குப் பின்னால் போய் நின்ற செசாரே, 12 பருவங்கள் அங்கேயே நின்றார். 1955, 1957, 1959, 1962 என்று நான்கு லீக் பட்டங்கள், 400க்கு மேற்பட்ட ஆட்டங்கள். 1958 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ரியல் மாட்ரிட்டை எதிர்த்துக் கூடுதல் நேரம் வரை போய் 3-2 என்று தோற்ற அணியிலும் இருந்தார்.

அவர் ஆடிய விதத்தைச் சொல்ல வேண்டும். அன்றைய பேக்குகளில் பெரும்பாலோருக்குப் பந்து காலுக்கு வந்ததும் ஓங்கி உதைத்து வெளியேற்றுவதே வேலை. செசாரே உதைக்க மாட்டார். நெஞ்சில் வாங்கி, காலில் இறக்கி, தலையை நிமிர்த்திப் பார்த்து, நடுவரிசைக்குப் பாஸ் கொடுப்பார். உயரமான உடம்பு, அவசரமில்லாத நடை. சில நாள் அந்த நிதானம் எல்லை மீறும். தன் கோலுக்கு முன்னாலேயே ஃபார்வர்டை ஏமாற்றப் பார்த்துப் பந்தைப் பறிகொடுப்பார். பத்திரிகைக்காரர்கள் அவர் பேரை வைத்தே அதற்கு 'மால்தினாத்தே' என்று ஒரு சொல் உண்டாக்கிவிட்டார்கள்.

பின்வரிசையில் நின்றவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். ஃபார்வர்டு பத்து முறை தவறவிட்டு ஒரு முறை போட்டால் தோளில் தூக்குவார்கள். கடைசி ஆள் எண்பது நிமிஷம் சரியாக ஆடி ஒரு முறை தவறினால் அந்த ஒன்றைத்தான் பேசுவார்கள். ஆனாலும் செசாரே தன் வழியை விடவில்லை. கடைசியில் நிற்பவனுக்கு மைதானம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அவ்வளவையும் பார்த்துவிட்டுப் பந்தைக் கண்மூடி உதைப்பது, பார்த்ததையே வீணாக்குவதல்லவா?

1961இல் ரோக்கோ மிலானுக்குப் பயிற்சியாளராக வந்தார். அங்கே கால்பந்து நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் சலெர்னோவின் அதே வியானி. சின்னக் கிளப்புகளின் புத்தி பெரிய கிளப்புக்குள் நுழைந்தது. கேப்டன் செசாரே. த்ரியெஸ்தேக்காரர் இருவரும் ஊர்ப் பேச்சிலேயே பேசிக்கொள்ளலாம். ஒருவர் மைதானத்துக்கு வெளியே, இன்னொருவர் உள்ளே. 1963 மே 22ஆம் தேதி லண்டன் வெம்பிளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதி. எதிரில், அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் கோப்பையை வென்றிருந்த பென்ஃபிகா. அவர்களின் யுசேபியோ முதல் பாதியிலேயே கோல் போட்டுவிட்டார். இரண்டாம் பாதியில் மிலானின் அல்தஃபீனி இரண்டு கோல் போட, 2-1. ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் இத்தாலிய கிளப் மிலான். அதை முதலில் கையில் ஏந்திய இத்தாலியக் கேப்டன் செசாரே மால்தினி. அடுத்த இரண்டு வருஷம் மிலான் நகரத்தின் இன்னொரு கிளப்பான, ஹெலேனியோ ஹெர்ரேரா பழக்கிய இன்டர் அதே கோப்பையை வென்றது. அங்கே கடைசியில் நின்றவர் அர்மாந்தோ பிக்கி. இல்லாதவனின் புத்தி இப்போது ஐரோப்பாவையே ஆண்டது.

கடைசிப் பருவத்தைத் தொரினோவில், மறுபடியும் ரோக்கோவின் கீழ் ஆடிவிட்டு 1967இல் காலணியைக் கழற்றினார். பிறகு மிலானில் ரோக்கோவுக்குத் துணைப் பயிற்சியாளர். ரோக்கோ விலகியதும், 1973-74 பருவத்தில் அணி செசாரேயிடம் வந்தது. பருவம் முடியும்முன்பே பதவி போயிற்று. அந்த இடத்துக்கு வந்தவர் அவருடன் ஆடிய திராபத்தோனி. செசாரே ஃபோஜ்ஜா, தெர்னானா என்று சின்னக் கிளப்புகளுக்குப் போனார். அங்கும் பெரிதாக ஒன்றும் அமையவில்லை. 1978இல் மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த பார்மாவுக்கு வந்தார்.

பார்மாவில் ஒரு பருவம் நன்றாக அமைந்தது. 1979 ஜூனில், இரண்டாம் பிரிவுக்கு ஏறப் போவது யார் என்று முடிவு செய்யும் ஆட்டம் விச்சென்சாவில் நடந்தது. எதிரணி அவரை வளர்த்த த்ரியெஸ்தினா. கூடுதல் நேரம்வரை போன ஆட்டத்தில் பார்மா 3-1 என்று வென்றது. அதில் இரண்டு கோல் இருபது வயதுப் பையன் ஒருவன் போட்டது. பெயர் கார்லோ அன்செலோட்டி. 24 வருஷம் கழித்து, 2003இல், மான்செஸ்டரில் மிலான் யுவென்டஸை வென்றபோது ஐரோப்பியக் கோப்பையை ஏந்திய கேப்டன் பாவ்லோ மால்தினி, பயிற்சியாளர் அன்செலோட்டி. மகன் கோப்பையைத் தூக்கியதைத்தான் எல்லோரும் எழுதினார்கள். பக்கத்தில் நின்ற பயிற்சியாளரும் செசாரேயிடம் ஆடிய பையன்தான் என்பதை நான் சேர்த்துச் சொல்கிறேன்.

1980இல் தேசிய அணியில் என்ட்சோ பெயர்சோட்டுக்குத் துணையாகப் போனார் செசாரே. பெயர்சோட்டும் அதே வடகிழக்குப் பக்கத்து ஃப்ரியூலிக்காரர், அவரும் ரோக்கோவிடம் வேலை பழகியவர். 1982இல் ஸ்பெயினில் உலகக்கோப்பை. பார்சிலோனாவில் மரடோனாவையும் பிறகு ஸீக்கோவையும் நிழலாய்த் தொடர்ந்தார் க்ளௌதியோ ஜென்டிலே. எல்லோருக்கும் பின்னால், யாரையும் பிடிக்காத அந்தக் கடைசி ஆளாக, அதாவது லிபெரோவாக, நின்றார் கயத்தானோ ஷிரேயா. பிரேசிலோடு ஆடிய ஆட்டத்தின் முதல் பாதியில் கொல்லோவாத்திக்கு அடிபட, 18 வயது ஜுசெப்பே பெர்கோமியை உள்ளே அனுப்பினார்கள். பையன் பதறவில்லை. இத்தாலி 3-2 என்று வென்றது. ஒரு வாரத்துக்குள் உலகக்கோப்பையும் கைக்கு வந்தது.

1986இல் செசாரேக்கு 21 வயதுக்கு உட்பட்டோர் அணி கிடைத்தது. பத்து வருஷம் அங்கே இருந்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இந்தப் பத்து வருஷம்தான்.

தேசிய இளையோர் அணியைப் பழக்குவது கிளப்பைப் பழக்குவது போல அல்ல. பையன்கள் மாதத்தில் ஓரிரு தரம், சில நாளைக்குத்தான் கைக்கு வருவார்கள். கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்தே பருவத்தைக் கழிப்பவன் இருப்பான், தலைக்கனத்தோடு வருபவன் இருப்பான். இரண்டு வருஷத்தில் வயது தாண்டிப் போய்விடுவார்கள். அதற்குள் அவர்களை ஓர் அணியாக்க வேண்டும். செசாரே 1992இல் ஐரோப்பிய இளையோர் பட்டம் வென்றார். 1994இல் போர்ச்சுகலை இறுதியில் எதிர்த்து, கூடுதல் நேரத்தில் ஒர்லாந்தீனி போட்ட கோலால் மறுபடி வென்றார். 1996இல் பார்சிலோனாவில் ஸ்பெயினை அவர்கள் மண்ணிலேயே பெனால்ட்டியில் வென்றார். வரிசையாக மூன்று. அந்த 1996 இறுதியில் இத்தாலியின் கோலைப் போட்டவர் 19 வயது ஃப்ரான்செஸ்கோ தொத்தி. பின்வரிசையில் ஃபாபியோ கனவாரோ, அலெஸ்ஸாந்த்ரோ நெஸ்தா, கிறிஸ்டியன் பனூச்சி.

அப்போது இத்தாலியில் காற்று வேறு பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. அரிகோ சாக்கி மிலானில் லிபெரோவையே எடுத்துவிட்டு, நாலு பேக்குகளையும் ஒரே கோட்டில் முன்னேறவைத்து, ஆளை விட்டு இடத்தைக் காக்கும் முறையில் ஐரோப்பாவை வென்றிருந்தார். அந்த அற்புதமான பின்வரிசையில் இடது பக்கம் நின்றவர் செசாரேயின் மகன். புதியது வந்ததும் பழையதை எரிக்க வேண்டும் என்று பேசியவர்கள் நிறைய. செசாரே எரிக்கவில்லை. கிளப்பில் இடத்தைக் காக்கக் கற்றுக்கொண்டு வந்த பையன்களுக்கு இங்கே ஆளைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஃபார்வர்டின் கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்று நான் என் பையன்களிடம் சொல்வேன். கண் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. கனவாரோவின் ஆட்டத்தைப் பழைய படங்களில் போட்டுப் பாருங்கள். 176 சென்டிமீட்டர்தான் உயரம். தன்னைவிட ஒரு தலை உயர்ந்தவனிடமிருந்தும் பந்தை எடுத்துவிடுகிறார், ஏனென்றால் பந்து வரும் இடத்துக்கு அவனுக்கு முன் போய்விடுகிறார். அது கோட்டில் நிற்பதால் மட்டும் வருவதில்லை. ஓர் ஆளோடு ஒட்டிக்கொண்டு, அவன் மூச்சைப் படித்துப் பழகியவனுக்கு வருவது.

1996 டிசம்பரில் சாக்கி விலக, 64 வயதில் செசாரே இத்தாலியின் தேசியப் பயிற்சியாளர் ஆனார். முதல் ஆட்டமே பலெர்மோவில் வட அயர்லாந்தோடு, 1997 ஜனவரியில். அன்றைக்கே கனவாரோவைத் தேசிய அணியில் முதல்முறையாக இறக்கினார். மூன்று வாரத்தில் வெம்பிளி. 34 வருஷத்துக்கு முன் கோப்பை ஏந்திய அதே மைதானத்தில் சோலாவின் ஒரே கோலால் இங்கிலாந்தை வென்றார். அந்த அக்டோபரில் மாஸ்கோவில் பனி கொட்டியது. உலகக்கோப்பைக்குத் தகுதி பெற ரஷ்யாவோடு ஆட்டம். கோலி பல்யூகாவுக்கு அடிபட்டது. 19 வயதான ஜான்லூயிஜி புஃபோனைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். புஃபோன் இத்தாலிக்கு ஆடிய 176 ஆட்டங்களில் முதல் ஆட்டம் அது.

1998 ஃப்ரான்ஸ் உலகக்கோப்பை ஆட்டங்களை நான் ராத்திரி கண் விழித்துப் பார்த்தேன். கேப்டன் பாவ்லோ, பயிற்சியாளர் அப்பா. ஆஸ்திரியாவோடு ஆடும்போது ஆட்டம் தொடங்கியதுமே நெஸ்தாவுக்கு முட்டியில் அடி. யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? பெர்கோமியை! 1982இல் 18 வயதில் அதே மாதிரி அடிபட்டவனுக்குப் பதிலாக இறங்கிய பெர்கோமி, 34 வயதில், ஏழு வருஷமாகத் தேசிய அணிப் பக்கமே வராதவர். மற்றவர்கள் அவரைப் பழைய காலத்து ஆள் என்றார்கள். பதறாத பையனாக அவரைப் பார்த்திருந்தவர் செசாரே.

காலிறுதியில் ஃப்ரான்ஸ். 120 நிமிஷமும் கோல் இல்லை. ஃபார்வர்டு பாஜ்ஜோ தாமதமாகத்தான் இறங்கினார். கூடுதல் நேரத்தில் அவர் அடித்த அடி கம்பத்தை ஒட்டி வெளியே போயிற்று. உள்ளே போயிருந்தால், அன்றைய விதிப்படி அந்தக் கணமே ஆட்டம் முடிந்திருக்கும். பெனால்ட்டியில் தி பியாஜ்ஜோ அடித்தது மேல்கம்பத்தில் மோத, 4-3 என்று இத்தாலி வெளியேறியது. ஐந்து ஆட்டத்திலும் ஆட்ட நேரத்தில் தோற்கவில்லை. வாங்கியது மூன்றே கோல். ஆனால் ஊரே அவரைத் திட்டியது. இவ்வளவு திறமையான ஃபார்வர்டுகளை வைத்துக்கொண்டு பின்னாலேயே பதுங்கினார், காலம் கடந்த மனுஷன் என்றார்கள். பாஜ்ஜோவை முன்பே இறக்கியிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். கடைசி ஆளாகவே நின்று பழகியவருக்கு முன்னால் கிடைப்பதைவிடப் பின்னால் போவதே பெரிதாகத் தெரியும். அந்த எச்சரிக்கைதான் அவரை உருவாக்கியது, அன்று ராத்திரி கட்டிப்போட்டதும் அதுதான். அவர் பதவி விலகினார்.

அதன் பிறகு இரண்டு அத்தியாயம். 2001 வசந்தத்தில் தடுமாறிக்கொண்டிருந்த மிலான், தஸ்ஸோத்தி என்ற இன்னொரு பயிற்சியாளரோடு சேர்த்து அவரை அழைத்தது. மே 11ஆம் தேதி இன்டரை 6-0 என்று வென்றார்கள். அந்த ஊர்ச் சண்டையில் மிலானுக்கு அதைவிடப் பெரிய லீக் வெற்றி கிடையாது. பதுங்கும் மனுஷனின் அணி போட்ட ஆறு கோல். 2002 உலகக்கோப்பைக்குப் பராகுவே அணியோடு போனார். வயது 70, அந்தப் போட்டியின் மூத்த பயிற்சியாளர். ஸ்லோவேனியாவோடு ஆடும்போது முதல் பாதியிலேயே பத்துப் பேராகி, ஒரு கோல் பின்தங்கியும், 3-1 என்று வென்று அடுத்த சுற்றுக்குப் போனது அந்த அணி. ஜெர்மனியைக் கடைசி நிமிஷங்கள்வரை தாக்குப்பிடித்து ஒரே கோலில் தோற்றது.

2006இல் ஜெர்மனியில் இத்தாலி உலகக்கோப்பையை வென்றது. ஏழு ஆட்டத்தில் வாங்கிய கோல் இரண்டு. ஒன்று தாங்களே போட்டுக்கொண்டது, மற்றொன்று இறுதியில் ஸிதானின் பெனால்ட்டி. கேப்டன் கனவாரோ, கோலி புஃபோன். நெஸ்தா மூன்றாம் ஆட்டத்தில் அடிபட்டு வெளியேறியதும் வந்து நின்றவர் மார்கோ மாத்தெராஸி. அந்த அணியின் இளையவர்களில் சிலரை 2004 ஐரோப்பிய இளையோர் பட்டத்துக்குப் பழக்கியவர் 1982இன் ஜென்டிலே. செசாரே உட்கார்ந்த அதே நாற்காலியில் இன்னொரு பேக். எட்டு வருஷத்துக்கு முன் காலம் கடந்தது என்று ஒதுக்கிய வித்தைதான் உலகக்கோப்பையைக் கொண்டுவந்தது.

அந்தச் சங்கிலியின் ஒரு முனை எங்கள் ஊரையும் தொட்டது. 2014இல் சென்னையின் எஃப்சிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தவர் மாத்தெராஸி. அதே பருவத்தில் நெஸ்தாவும் அந்தச் சட்டையைப் போட்டார். 2015இல் மாத்தெராஸியின் சென்னை இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்றது. நேரு ஸ்டேடியத்தில் மாத்தெராஸி கோட்டோரம் நின்று தன் பேக்குகளை அதட்டி வரிசைப்படுத்துவதைப் பார்க்க என் பையன்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பந்தைப் பார்க்காமல் அவரைப் பார்க்கச் சொன்னேன்.

செசாரே 2016 ஏப்ரல் 3ஆம் தேதி, 84 வயதில் மிலானில் காலமானார். பேரன் டானியல் மால்தினியும் மிலானுக்கு ஆடினார். 2024 அக்டோபரில் ஊதினேவில் இத்தாலிக்காக முதல்முறை இறங்கினார். மூன்று தலைமுறை என்று கொண்டாடினார்கள், நியாயம்தான். ஆனால் டானியல் ஆடுவது முன்வரிசையில். ரத்தம் அவர் வீட்டில் ஓடுகிறது. பின்வரிசை வித்தை வேறு வீட்டுப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. கனவாரோ நேப்பிள்ஸ் பையன், நெஸ்தா ரோமாபுரிப் பையன், புஃபோன் கர்ராராவின் பையன். ரோக்கோவிடம் த்ரியெஸ்தேவில் கிடைத்ததைச் செசாரே பத்து வருஷம் பொறுமையாக அவர்கள் கையில் வைத்தார். ஒரு பயிற்சியாளரை அவர் தோற்ற பெனால்ட்டியை வைத்து எடைபோடுவது எளிது. அவர் பழக்கிய பையன்கள் பத்து வருஷம் கழித்து எப்படி நின்றார்கள் என்று பார்த்து எடைபோடுவதே நியாயம். அந்தக் கணக்கில் செசாரே மால்தினி தோற்கவில்லை.